ஊதுகிற சங்கும் ஏர் ஹார்னும்

(பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெறும் அண்ணன் ஒருவருக்கு வேலூரில் நடந்த பாராட்டு விழாவில் பேசியது.)

தலைவர் அவர்களே, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் கட்டுங்கள் என்று சொன்ன மண்டபத்து முதலாளி அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே (யாரையாவது விட்டிருந்தால் கோபிக்க வேண்டாம், பொன்னாடை எல்லோருக்கும் இருக்கிறது), முன்வரிசையில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கும் பேண்டு செட் தம்பிகளே, வணக்கம்.

ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்பார்கள். அண்ணன் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்தார். நான் மூன்று விஷயம் பேச வந்தேன்: உதடு, ஓய்வு, ஊதியம்.

முதலில் உதடு. டிரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வு. அதை வைத்துக்கொண்டு அத்தனை சுரமும் வரவேண்டுமென்றால் மீதி வேலையை உதடும் மூச்சும்தான் பார்க்க வேண்டும். அண்ணனின் மேலுதட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், மவுத்பீஸ் அழுத்திய தடம் அரைவட்டமாகப் பதிந்திருக்கும்.

அமெரிக்காவில் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் அடால்ஃப் ஹெர்செத் என்று ஒருவர் இருந்தார். 1948இல் முதன்மை டிரம்பெட் நாற்காலியில் உட்கார்ந்தவர் 2001இல்தான் அதை விட்டார். 53 வருஷம்! ரைனர், சோல்டி, பேரன்பாயிம் என்று இசை இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அந்த நாற்காலி மட்டும் மாறவில்லை. இதில் 1952இல் ஒரு கார் விபத்து வேறு, பல் போய் உதடு கிழிந்துவிட்டது. நம்மாளாக இருந்தால் வீட்டில் உட்காரச் சொல்லியிருப்போம். அவர் திரும்ப வந்து உட்கார்ந்து ஊதினார். ஊதுகிற சங்கை ஊதினார், விடிந்தது.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். ஒரு தை மாதம், கிரீன் சர்க்கிள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு, சாரட்டில் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, பின்னால் ஒரு பஸ். டிரைவருக்கு என்ன அவசரமோ, நாலைந்து ராகத்தில் மாறி மாறி அலறுகிற ஏர் ஹார்னை விடாமல் அமுக்குகிறார். குதிரை மிரளுகிறது, மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொள்கிறார், மாமனார் ஆட்டோக்காரரைத் திட்டுகிறார் (அவர் பாவம், சும்மா நின்றிருந்தார்). அண்ணன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார், குழாய் வளைவில் இருக்கும் சாவியை அமுக்கி எச்சில் தண்ணியை வடித்தார், மவுத்பீஸைச் சட்டையில் துடைத்தார், பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி அந்த ஹார்ன் மெட்டை அப்படியே திருப்பி ஊதினார். டிரைவர் மறுபடி அமுக்க, இவர் அதற்கு மேல் ஒரு ஸ்தாயி ஏற்றி ஊத, பஸ்ஸிலிருந்தவர்களே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கைதட்டினார்கள். கடைசியில் டிரைவரும் சிரித்துவிட்டார்.

சிரித்தீர்கள் அல்லவா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடு எவ்வளவு முக்கியமோ காதும் அவ்வளவு முக்கியம். அந்தக் காதைத்தான் தினமும் ரோட்டில் கிழிக்கிறார்கள். பல சுரத்தில் மாறி மாறி அடிக்கிற ஹார்ன் கூடாது என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி சொல்கிறது. விதி இருக்கிறது, கூடவே ஹார்னும் இருக்கிறது. எங்கே மைக் கிடைத்தாலும் இதையே பேசுகிறான் என்று என் வீட்டிலேயே அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும். ஊதுகிற சங்கு, என்ன செய்வது?

ஓய்வைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் நிறையச் சொல்ல வேண்டும், ஆனால் தலைவர் இரண்டாவது தடவை வாட்ச்சைப் பார்க்கிறார். அண்ணனுக்குப் பொன்னாடை போட்ட பிறகு யாரும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஏர் ஹார்ன் பற்றிய மனு வாசல் மேஜையில் இருக்கிறது. அண்ணன்தான் முதல் கையெழுத்து, அப்புறம் மாமன்ற உறுப்பினர். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள், டீயும் அந்தப் பக்கம்தான்.