ஆயிரம் லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு! நொய்யல் கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷம்

[திரையில்: மழைக்கோட்டின் மேல் தண்ணீர் உருண்டு ஓடுகிறது]

வணக்கம் நண்பர்களே! இந்தத் துணியைப் பாருங்கள். சேம்பு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிறது. இப்படிப்பட்ட பூச்சுகளுக்குப் பல காலமாகப் பயன்படுவது பீஃபாஸ் என்ற வேதிப்பொருள் குடும்பம். சேம்பு இலை நாலு நாளில் மக்கிவிடும். இது மக்காது. கார்பனும் ஃபுளோரினும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நொய்யல் கதை உங்களுக்கே தெரியும். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தக் கேடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு கலர் கலராக ஓடியது, கிணறு உப்புக் கரித்தது. நாம் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சப்பத் தண்ணி என்று நாக்கை வைத்துத்தானே பிரிக்கிறோம்? பீஃபாஸுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, வாடையும் இல்லை.

[திரையில்: தண்ணி லாரி வரிசை]

சரி, எவ்வளவு கலந்தால் ஆபத்து? இந்தக் குடும்பத்தில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டுக்கும் அமெரிக்கா 2024-ல் குடிநீர் வரம்பு வைத்தது. ஒவ்வொன்றும் லட்சம் கோடிப் பங்கில் 4 பங்குதான் இருக்கலாம். கோடையில் நம்ம வீதிக்கு வருகிற தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர். அப்படி ஆயிரம் லாரி! முட்டுகிற மாதிரி நிறுத்தினாலும் வரிசை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் போகும். முதல் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் கடைசி லாரிக்காரருக்குக் கேட்காது. அத்தனை லாரித் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொட்டு. ஏறத்தாழ அவ்வளவுதான் அந்த வரம்பு. இந்தக் கணக்கைப் போட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காய்ச்சினால் போகாது. ஆர்ஓ பெரும்பாலும் பிடித்துவிடும், ஆனால் அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரில் அப்படியே இருக்கும். பிஎஃப்ஓஏ ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில வருடங்கள் ஆகும். 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதல், தீயணைப்பு வீரர் உடை போன்ற சிலவற்றைத் தவிர, பீஃபாஸ் சேர்த்த உடைகளுக்குத் தடை போட்டிருக்கிறது. நம்ம ஊரில் தைத்த உடை அங்கே விற்க வேண்டுமானாலும் இதே சட்டம்தான். ஆனால் அதைத் தைத்தவர் குடிக்கிற தண்ணீருக்கு? நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன் 2012 பட்டியலில் பீஃபாஸுக்கு வரம்பே வைக்கவில்லை. வெளியூர்க்காரர் போடுகிற உடைக்கு இருக்கிற அக்கறை நம்ம குழந்தை குடிக்கிற தண்ணீருக்கும் வேண்டும். பட்டியலில் சேர்க்க வேண்டும், நொய்யலிலும் போர் தண்ணீரிலும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

தொழிலை மூடச் சொல்லவில்லை. என் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்குச் சோறு போடுவது பனியன் கம்பெனிதான். ஃபுளோரின் இல்லாமலே தண்ணீர் ஒட்டாத பூச்சு வந்துவிட்டது.

ஃபினிஷிங்கில் வேலை பார்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. தண்ணீர் ஒட்டாத கெமிக்கல் வருகிற டிரம்மின் லேபிளைப் பாருங்கள். சி8, சி6 என்றிருந்தால் ஃபுளோரின் சேர்த்தது, சி0 என்றால் சேர்க்காதது. உங்கள் யூனிட்டில் எது ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள், கம்பெனி பேர் வேண்டாம்.