திருப்பி எடுக்க நினைக்காத பொன்

நேயர்களுக்கு வணக்கம். புதையல் என்றதும் யாரோ பயந்து ஒளித்துவைத்த பொருள்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது, ஊரே கூடி நின்று பார்க்க, இனி எடுக்கவே போவதில்லை என்று மண்ணுக்குள் வைத்த புதையலைப் பற்றி.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில், டெபன் ஆற்றங்கரையில் இருக்கிறது சட்டன் ஹூ. அங்கே பழைய மண்மேடுகள் பல உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஈடித் பிரெட்டி என்ற அம்மையார். அவற்றைத் தோண்டிப் பார்க்க அவர் அமர்த்தியவர் பேசில் பிரவுன். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு, தானாகவே படித்துத் தொல்லியல் கற்றுக்கொண்டவர்.

1939 மே மாதம் பெரிய மேட்டில் கை வைத்தார்கள். துருப்பிடித்த இரும்பு ஆணி ஒன்று கிடைத்தது. அது கப்பல் ஆணி என்று பிரவுனுக்குப் புரிந்துவிட்டது. அங்கே இருப்பது அமில மணல். மரத்தையெல்லாம் அது எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. பலகை இருந்த இடத்தில் நிறம் மாறிய மணலும், வரிசை பிசகாத ஆணிகளும்தான் மிச்சம். அவர் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. உள்ளே நிறைந்திருந்த மண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். 27 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலின் வடிவம் அப்படியே மணலில் எழுந்து வந்தது. மரமே இல்லாத கப்பல்! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

சில நூற்றாண்டுகளுக்கு முன்பே திருடர்கள் இந்த மேட்டைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மேட்டின் ஒரு பக்கம் முன்பே வெட்டுப்பட்டுச் சிதைந்திருந்ததால், நடு எது என்று கணக்குத் தப்பிவிட்டது. தீ மூட்டிய சாம்பலையும் உடைந்த குடுவையையும் விட்டுவிட்டு, வெறுங்கையோடு போய்விட்டார்கள்.

கப்பலின் நடுவில் கல்லறை அறை. ஜூலையில் பெக்கி பிகட் என்ற பெண் ஆய்வாளரின் கையில்தான் முதல் பொன் தென்பட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன: இரும்புத் தலைக்கவசம், வாள், யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவி, வெள்ளிப் பாத்திரங்கள், 400 கிராமுக்கு மேல் எடையுள்ள தங்கக் கச்சைக் கொக்கி. அந்தக் கொக்கியில் பாம்புகளும் விலங்குகளும் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக் கிடக்கின்றன. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். ஒரு வெள்ளித் தட்டில் பைசாந்தியப் பேரரசர், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசர் அனஸ்தாசியஸின் முத்திரை இருக்கிறது. நகைகளில் கார்னெட் என்ற சிவப்புக் கற்கள். 5, 6-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளில் பதித்த இத்தகைய கற்களைச் சோதித்தபோது, பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது.

உள்ளே யார்? உடல் கிடைக்கவில்லை, மரத்துக்கு நேர்ந்த கதிதான் உடலுக்கும். சஃபோக் பகுதியையும் உள்ளடக்கிய கிழக்கு ஆங்கிலிய நாட்டின் மன்னர் ரெட்வால்டாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. அவர் இறந்தது 625-ஐ ஒட்டி. கென்ட் நாட்டில் ஞானஸ்நானம் பெற்றவர். ஊர் திரும்பியதும், மனைவியும் மற்றவர்களும் பேசி மனதை மாற்றிவிட்டார்களாம். ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடம், பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறு பீடம் என்று வைத்துக்கொண்டார். பீட் என்ற துறவி இதை 8-ஆம் நூற்றாண்டில் கண்டித்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்த மன்னர் மேல் கோபம் வரவில்லை. முன்னோர் வழியைச் சட்டென்று விட யாருக்குத்தான் மனம் வரும்? இந்தக் கல்லறையும் அப்படித்தான்: பழைய முறைப்படி கப்பல், கூடவே சிலுவை பொறித்த வெள்ளிக் கிண்ணங்கள்.

பணப்பையில் 37 பொற்காசுகள். பிரெஞ்சு நாட்டுப் பக்கமிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில் அச்சடித்தது. கூடவே முத்திரை இடாத மூன்று வில்லைகள். ஆக 40. இறந்தவரை மறுவுலகுக்குக் கப்பலில் கொண்டுபோகும், கண்ணுக்குத் தெரியாத 40 துடுப்புக்காரர்களுக்குக் கூலி என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியோ தவறோ, எண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

சரி, பொருள் யாருக்குச் சொந்தம்? பின்னால் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒளித்துவைத்த பொன் என்றால் அரசுக்கு. எடுக்கும் எண்ணமே இல்லாமல் புதைத்தது என்றால் அரசுக்கு உரிமை இல்லை. இதுதான் அன்றைய ஆங்கிலேயச் சட்டம். 1939 ஆகஸ்டில் சட்டன் கிராமத்து மன்றத்தில் விசாரணை நடந்தது. அவ்வளவு பெரிய கப்பலை ஆற்றிலிருந்து மேட்டுக்கு இழுத்து வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அதை ரகசியமாகச் செய்ய முடியுமா? எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்தது அல்ல, எல்லாம் பிரெட்டி அம்மையாருக்கே என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். இறந்தவருக்கு ஊர் மனதாரக் கொடுத்த கொடை என்பதை 1,300 ஆண்டுகள் கழித்து ஒரு நீதி விசாரணை ஒப்புக்கொண்டது.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அந்த அம்மையார் அத்தனையையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். செப்டம்பரில் போர் மூண்டது. குண்டுவீச்சுக்குத் தப்ப, பொக்கிஷம் லண்டன் சுரங்க ரயில் பாதை ஒன்றில் கிடந்தது. நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கியிருந்த தலைக்கவசத்தைப் போருக்குப் பிறகு பொருத்தினார்கள். அது சரியாக அமையவில்லை என்று 1970 வாக்கில் பிரித்து மறுபடி பொருத்தினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் 41-ஆம் அறையில் எல்லாம் இருக்கின்றன. லண்டன் போகிறவர்கள் அந்தக் கொக்கியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நன்றி, வணக்கம்.