கொண்டை ஊசி வளைவுக் குரங்கும் விஸ்கான்சின் குரங்கும்

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. தடுப்புச் சுவர் மேல ஒரு குரங்கு.)

இந்தக் குரங்கோட கையைப் பாருங்க. சிப்ஸ் பாக்கெட்டோட ஓரத்தைப் பல்லால கடிச்சு, ரெண்டு கையாலயும் இழுத்து, ஒரு துண்டுகூட சிந்தாம பிரிக்குது. நமக்கே இந்த லாவகம் வராது. சேலத்துல இருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. யாராவது வண்டியை நிறுத்தி எதையாவது நீட்டிக்கிட்டேதான் இருக்காங்க.

"குறைச்சுச் சாப்பிட்டா முதுமை தள்ளிப்போகுமா?"ன்னு போன வீடியோவுல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் சொல்ல இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கதை எலியில ஆரம்பிக்குது. 1935-ல, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல கிளைவ் மெக்கேன்னு ஒருத்தர், எலிகளுக்குக் கலோரியை மட்டும் குறைச்சார். விட்டமின், தாது உப்புல கை வைக்கல. அந்த எலிங்க மத்ததைவிடக் கூடுதல் காலம் இருந்துச்சு. இதைத்தான் கலோரி கட்டுப்பாடுன்னு சொல்றாங்க. பட்டினி வேற, இது வேற. காசில்லாம ஒரு வேளை டீயும் பன்னுமா ஓட்டுற தறிக்காரர் செய்யறது கலோரி கட்டுப்பாடு இல்லைங்க.

சாப்பாடு குறைஞ்சா உடம்புக்குள்ள என்ன ஆகும்? வளர்றதுக்கான சிக்னல் தணியும். செல் தன்னோட பழைய, பழுதான பாகங்களை உடைச்சு மறுபடி பயன்படுத்தும். இதுக்கு ஆட்டோபேஜின்னு பேரு. இதை ஆராய்ஞ்ச ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல நோபல் பரிசு கிடைச்சுது.

சரி, எலிக்கு ஆச்சு. நமக்கு?

(காட்சி: வெள்ளைப் பலகையில ரெண்டு தட்டு வரையறோம்.)

நமக்கு நெருங்கின சொந்தமான ரீசஸ் குரங்குல சோதிக்க, 1980-களோட கடைசியில ரெண்டு இடத்துல ஆரம்பிச்சாங்க. ஒண்ணு விஸ்கான்சின் பல்கலைக்கழகம், இன்னொண்ணு அமெரிக்க அரசோட முதுமை ஆய்வு நிறுவனம். ரெண்டுலயும் ஒரு கூட்டத்துக்கு 30 சதவீதம் சாப்பாடு குறைவு. 2009-ல விஸ்கான்சின், குறைச்சுச் சாப்பிட்ட குரங்குங்களுக்கு முதுமை நோய் குறைவா வருதுன்னு சொல்லுச்சு. 2012-ல அரசு நிறுவனம், ஆயுசுல பெரிசா வித்தியாசம் இல்லைன்னு சொல்லுச்சு. ஒரே குரங்கு ஜாதி, ஒரே கேள்வி, ரெண்டு பதில்!

விஷயம் குறைச்சுச் சாப்பிட்ட குரங்குகிட்ட மட்டும் இல்ல, ஒப்பிடறதுக்கு வச்சிருந்த இன்னொரு கூட்டத்துகிட்டயும் இருக்கு. விஸ்கான்சின்ல அந்தக் கூட்டம் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுச்சு. அந்தத் தீனியில நூத்துக்கு 28 பங்குக்கு மேல சர்க்கரை. அரசு நிறுவனத்துல சர்க்கரை 4 பங்குகூட இல்ல. அங்க "முழுச் சாப்பாடு" சாப்பிட்டதுக்கும் அளந்துதான் கொடுத்தாங்க, குண்டாகக் கூடாதுன்னு. அதாவது ஒரு இடத்துல எதிர்ப்பக்கம் நின்னது நம்ம சிப்ஸ் பாக்கெட் ஆளு. இன்னொரு இடத்துல காட்டுல பழம் தேடித் தின்னுற ஆளு. 2017-ல ரெண்டு குழுவும் சேர்ந்து கணக்கைப் பார்த்தாங்க. பலன் இருக்கு, ஆனா வயசையும் தீனியையும் பொறுத்து மாறும்னு முடிச்சாங்க.

அதனால உங்க தட்டு ஏற்கனவே எந்தக் குரங்கோட தட்டுன்னுதான் நான் முதல்ல கேப்பேன். நாலு வேளை காபியில சர்க்கரை, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா, இது விஸ்கான்சின். குறைச்சா லாபம் உண்டு. அளவாச் சாப்பிடறவங்க அதுக்கும் கீழ இறங்கினா ஆயுசு நீளும்ங்கிறதுக்கு ஆதாரம் பலமா இல்ல.

மனுஷங்ககிட்டயும் பார்த்தாங்க, காலரின்னு ஒரு ஆய்வு. ரெண்டு வருஷம், 25 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு. சராசரியா 12 சதவீதம்தான் முடிஞ்சுது. பாவம், அவங்களும் நம்மள மாதிரிதான். ரத்தத்துல ஒரு அளவுகோல் வச்சுப் பார்த்ததுல, முதுமையோட வேகம் 2, 3 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2023-ல வெளியிட்டாங்க. மத்த ரெண்டு அளவுகோல்ல மாற்றம் தெரியல. எலும்பு அடர்த்தி கொஞ்சம் இறங்கவும் செஞ்சுது.

இது எங்க அம்மாயிக்கு. எழுபது தாண்டினவங்க. "வயசானா கம்மியாத்தான் திங்கணும்"னு ராத்திரி ஒரே இட்லியோட எழுந்துடுவாங்க. அம்மாயி, இந்த வீடியோ உங்களுக்கு இல்ல. அந்த வயசுல சதை கரையறதுதான் பெரிய ஆபத்து. 2024-ல வந்த எலி ஆய்வுலகூட, குறைச்சுச் சாப்பிட்டும் எடையைப் பெரிசா இழக்காத எலிங்கதான் அதிக நாள் இருந்துச்சு. பருப்பு, முட்டை சேர்த்துக்கோங்க. சர்க்கரை மாத்திரை போடறவங்க, கர்ப்பிணிங்க, டாக்டர்கிட்ட கேக்காம எதையும் குறைக்காதீங்க.

(காட்சி: சேலத்துல ஒரு தட்டுவடை செட் வண்டி. ஒரு தட்டுவடை மேல பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம். மேல இன்னொரு தட்டுவடை, ஒரு அமுக்கு.)

மலை இறங்கினதும் இங்கதான் நின்னோம். நான் ஒரு செட்டோட நிறுத்திட்டேன். கேமரா பிடிக்கற தம்பி மூணாவதுக்குக் கை நீட்டுறான், பாருங்க.