மேசை இழுப்பறையில் கிடந்த வரலாறு

அவையில் இருக்கும் பெற்றோர்களுக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இண்டியானா மாநிலத்துக்குக் குடிவந்த நம் வீடுகளில், பிள்ளை ஹைஸ்கூலில் சேர்ந்ததுமே "வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸ் கேம் இருக்குப்பா, கூட்டிட்டுப் போங்க" என்ற பேச்சு தொடங்கிவிடும். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சில கூடி, பருவம் தவறாமல் ஒன்றோடொன்று ஆடுவதற்குச் செய்துகொண்ட உடன்பாட்டுக்குத்தான் கான்ஃபரன்ஸ் என்று பெயர். நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ் 1926-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அது போல் தொடங்கி, பெயர் மாறி, ஆள் மாறி, சுவடில்லாமல் கலைந்தவை ஏராளம். அப்படிக் கலைந்து போனவற்றின் கூடைப்பந்துக் கணக்கைத் தேடி எழுதுவதுதான் பல வருடங்களாக என் வேலை.

மாநிலக் கோப்பையின் வரலாறு பத்திரமாக இருக்கிறது. மாநில ஹைஸ்கூல் விளையாட்டுச் சங்கம் 1903-இல் பிறந்தது. 1911-இல் நடந்த முதல் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது கிராஃபோர்ட்ஸ்வில் என்று யாரும் உடனே சொல்லிவிடலாம். கான்ஃபரன்ஸுக்கு அப்படி ஒரு அலுவலகம் கிடையாது. தலைமையாசிரியர்கள் கூடிப் பேசுவார்கள், ஒருவர் செயலாளராக இருப்பார், புள்ளிப் பட்டியல் அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போனால் காகிதமும் அவரோடு போய்விடும்.

பிறகு பள்ளிகளே போயின. 1938-இல் மாநிலப் போட்டியில் இறங்கிய பள்ளிகள் 787. சிறு பள்ளி நிர்வாகங்களை ஒன்றாக இணைக்கும் சட்டம் 1959-இல் வந்தது. மூன்று ஊர்ப் பள்ளிகள் ஒன்றாகி, புதுப் பெயரும் புது வண்ணமும் வைத்துக்கொண்டன. பழைய கோப்பைகள் அட்டைப் பெட்டிக்குள் போயின. 1997-இல் ஆடிய பள்ளிகள் 382தான். ஊர் இருக்கிறது, பள்ளி இல்லை. பள்ளியே இல்லாதபோது அதன் கான்ஃபரன்ஸ் கணக்கை யார் கேட்பார்கள்?

மைலன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 161 மாணவர்களே படித்த பள்ளி. 1954-இல் மாநிலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அதன் ஆட்டக்காரர் பாபி பிளம்ப் கடைசி நொடிகளில் போட்ட கூடையால் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று வென்றது. அந்த ஒரு இரவைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க மைலன் யாரோடு ஆடி அந்த ஆட்டத்தைக் கற்றது? சுற்றியிருந்த சின்ன ஊர்ப் பிள்ளைகளோடுதான். அவர்கள் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாநில நூலகத்தில் பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் இருக்கிறது. சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுழற்றி, புதன், சனி இதழ்களில் விளையாட்டுப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். ஏனென்றால் ஆட்டம் பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும்தான். ஒருநாள் தலைப்பில் 31-28 என்று இருந்தது. கீழே புள்ளிக் கணக்குக் கட்டத்தில் வென்ற அணிக்கு 11 கூடை, 8 ஃப்ரீ த்ரோ. கூடைக்கு இரண்டு புள்ளி, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கூடை கிடையாது. ஹைஸ்கூலுக்கு அது 1987-இல்தான் வந்தது. ஆகவே பதினொன்றை இரட்டித்து எட்டைக் கூட்டினால் 30. தலைப்பு தப்பா, கட்டம் தப்பா? எதிரணி ஊர்ப் பத்திரிகையையும் பள்ளியின் ஆண்டு மலரையும் தேடி எடுத்தேன். இரண்டிலும் 30. ஒரு புள்ளிக்கு ஒரு பகல் போனது. அந்த ஒரு புள்ளியைத் தப்பாக எழுதினால், நாளை வருகிறவர் அதையே எடுத்தாளுவார். பிறகு அதைத் திருத்தவே முடியாது.

எந்தப் பத்திரிகையைப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். இண்டியானாபொலிஸில் கறுப்பின மாணவர்களுக்கென்று 1927-இல் திறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியை 1942 வரை மாநிலச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. எதிராளி தேடி அந்தப் பிள்ளைகள் வேறு மாநிலங்களுக்குப் பயணம் போனார்கள். அதே பள்ளி 1955-இல், பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சனோடு மாநிலக் கோப்பையைத் தூக்கியபோது எல்லாப் பத்திரிகையும் எழுதியது. முந்தைய வருடங்களின் ஆட்டங்களைத் தேடுகிறவர் இண்டியானாபொலிஸ் ரெக்கார்டரைத் திறக்க வேண்டும். அது கறுப்பின மக்களின் வார இதழ். பெரிய நாளிதழை மட்டும் புரட்டிவிட்டு 'பதிவு இல்லை' என்று எழுதுவது அந்தப் பிள்ளைகளை இரண்டாம் முறை வெளியே நிறுத்துவதாகும்.

பெண்கள் கதையும் இதுதான். அவர்களுக்கு மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1976-இல்தான் வந்தது. ஆனால் 1920-களிலேயே ஊர்ப் பள்ளிகளில் பெண்கள் ஆடினார்கள்.

போன வருடம் ஒரு சிற்றூர் நூலகத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் எண்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா துணிப்பையிலிருந்து ஒரு ஸ்கோர் புக்கை எடுத்தார். அவருடைய தாயார் பள்ளி நாளில் பென்சிலால் எழுதியது. மங்கிப்போன பக்கத்தில் பெண்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு நேரே கூடைக்கு ஒரு கோடு, ஃபவுலுக்கு ஒரு சின்ன வட்டம். எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்திராத பெயர்கள். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். நூலகத்தைப் பூட்ட வந்தவரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.