டிராயரில் கிடக்கும் பெயர்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேசைமேல் நான் வைத்திருப்பது என்னவென்று முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பின்னால் இருக்கிறவர்களுக்காகத் தூக்கிக் காட்டுகிறேன். ஒரு சாண் நீளத் தகடு. மினுமினுப்பு போய், ஓரம் கறுத்து, நடுவில் ஒரு எழுத்தின் கால் ஒடிந்திருக்கிறது. ‘அம்பாசடர்’ என்று வாசிக்க வேண்டும்.

எங்க அப்பா ஜங்ஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவர். ஆனி, ஆடி வந்துவிட்டால் குற்றாலம் டிரிப்தான். உள்ளே பத்துப் பேர், டிக்கியில் புளியோதரைச் சட்டியும் ஒரு டின் நல்லெண்ணெயும். கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் வண்டி, அதனால் டிரைவர் பக்கத்திலேயே இரண்டு பேர் உட்காரலாம். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்த வண்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். தூக்குவதற்கு முன்னால் அப்பா ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிக்கியிலிருந்து இந்தத் தகட்டை மட்டும் நெம்பி எடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியும் இதையேதான் செய்தது. 1957-இல் வங்காளத்து உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் நெம்பி எடுத்து, பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். ஆலை போகவில்லை, ஆள் போகவில்லை, பெயரும் அதன் உரிமையும் மட்டும் போயின. 2021-இல் அந்த பெஜோவே வேறொரு கூட்டோடு சேர்ந்து ஸ்டெலாண்டிஸ் ஆகிவிட்டது. இன்றுவரை அந்தப் பெயரில் ஒரு வண்டி கூட அவர்களிடமிருந்து வரவில்லை.

நாம் மட்டும் ஏமாந்தோம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்துக்காரர்களுக்கு ரோவர் என்று ஒரு கார் இருந்தது. 1994-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ வாங்கியது. தாங்க முடியாமல் 2000-இல் வெறும் 10 பவுண்டுக்குக் கை கழுவியது. 2005-இல் லாங்பிரிட்ஜ் ஆலை மூடப்பட்டது. ரோவர் என்ற பெயர் மட்டும் ஃபோர்டு கைக்குப் போய், 2008-இல் ஜாகுவார், லேண்ட் ரோவரோடு சேர்ந்து நம் டாடாவிடம் வந்தது. ஆக, நம்மூர் அம்பாசடர் பிரெஞ்சுக்காரன் டிராயரில். வெள்ளைக்காரனின் ரோவர் நம்ம டிராயரில். கணக்கு நேராகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் படலாம்.

இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது மலேசியாவின் புரோட்டான் கார் கம்பெனியைப் பற்றி. நமக்கென்ன அதில் என்று கேட்காதீர்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பினாங்கோடு தொடர்பில்லாத தெரு உண்டா? என் சேக்காளி ஒருவர், கடையநல்லூர் பாய், முப்பது வருஷம் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும்போது கைலி, தைலம், மிட்டாயோடு ஒரு போட்டோவும் கொண்டுவருவார். போட்டோவில் அவர் பெண்டாட்டி பிள்ளைகளை விட அந்த வெள்ளை புரோட்டான் சாகா கார்தான் பெரிதாக இருக்கும். “நாங்களே செஞ்ச காருவே” என்பார். அந்த ‘நாங்களே’யைக் கேட்க வேண்டும். வாக்குரிமை வந்தவர் பேசுவது மாதிரி இருக்கும்.

பிரதமர் மகாதீர் 1983-இல் தொடங்கிய கம்பெனி அது. 70 சதவீதம் மலேசிய அரசு நிறுவனம், 30 சதவீதம் ஜப்பானின் மிட்சுபிஷி. 1985-இல் சாகா வந்தது. அதே வருஷம் திறந்த பினாங்குப் பாலத்தில் மகாதீரே சாகாவை ஓட்டிக்கொண்டு போனார். மோட்டார்த் தொழிலை 36 வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்த சாகா, மிட்சுபிஷி லான்சரின் ஒரு மாடல்தான். நம் அம்பாசடரும் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான். தாயார் வெளியூர், பிள்ளை உள்ளூர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழில் கற்கிறவன் முதலில் வாத்தியார் போட்ட படத்தைத்தான் வரைவான்.

கேள்வி, இரண்டாவது படத்தை யார் வரைந்தார்கள் என்பது. அம்பாசடரில் நாம் வரையவே இல்லை. முன் கிரில்லை மாற்றினோம், விளக்கை மாற்றினோம், டீசல் போட்டோம், 1992-இல் ஜப்பானின் இசுசு எஞ்சின் வைத்தோம். உடம்பு அதே உடம்பு. புரோட்டான்காரர்கள் வரைந்தார்கள். 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியையே வாங்கினார்கள். சொந்தமாக எஞ்சின் செய்தார்கள், காம்ப்ரோ என்று பெயர். ஆனால் வெளிநாட்டுக் கார்மேல் பெரிய வரி போட்டுக் காப்பாற்றப்பட்ட பிள்ளை அது. நாடோ சின்னது. புது வண்டி ஒன்றுக்கு அச்சு வெட்டும் செலவு, பத்தாயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அதேதான். சின்ன சந்தையில் அந்தச் செலவு ஒவ்வொரு வண்டி தலையிலும் கனமாக விழும். உள்ளூரிலேயே பெரோடுவா என்ற இரண்டாவது கம்பெனி வந்து முந்தியது. மிட்சுபிஷி தன் பங்கை விற்றுவிட்டுப் போனது. 2012-இல் டிஆர்பி-ஹைகாம் என்ற தனியார் குழுமம் வாங்கியது. 2016-இல் அரசு 150 கோடி ரிங்கிட் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. மறு வருஷம் சீனாவின் ஜீலி வந்தது.

ஜீலி வாங்கியது 49.9 சதவீதம். பாதிக்கு ஒரு நூல் குறைவு. ‘தேசியக் கார்’ என்ற சொல் அந்த ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது! மகாதீர் அழுதேன் என்றே எழுதினார். தன் பிள்ளை போய்விட்டது, இனி நாடும் போகும் என்று எழுதினார். எனக்கு அவர் அரசியலில் பாதி பிடிக்காது, ஆனால் அந்த அழுகை பொய்யில்லை என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் 2018-இல் அவரே திரும்பப் பிரதமர் ஆனார். அவர் காலத்திலேயே எக்ஸ்70 என்ற வண்டி வந்தது. அது ஜீலியின் போயூ என்ற வண்டிதான். முதலில் சீனாவிலிருந்தே கப்பலில் இறங்கியது, பிறகு மலேசியாவிலேயே தஞ்சோங் மாலிம் ஆலையில் பூட்டினார்கள். ஜனங்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். 2019-இல் புரோட்டான் விற்பனையில் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. ஆலையில் வேலை இருக்கிறது, டீலருக்குச் சோறு இருக்கிறது. 2024 கடைசியில் வந்த மின்சாரக் காரும் ஜீலியின் வண்டிதான், முன்னால் புரோட்டானின் புலி முகம்.

இதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லது என்று சொல்லவும் வரவில்லை. ஏனென்றால் இதே ஜீலி 2010-இல் சுவீடனின் வோல்வோவை ஃபோர்டிடமிருந்து வாங்கியது. அங்கே வரைகிற மேசையை கோத்தன்பர்க்கிலேயே விட்டுவைத்தது. வோல்வோ நன்றாக இருக்கிறது. அதே சுவீடனின் சாப், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருபது வருஷம் இருந்து, வேறு கைக்குப் போய், 2011-இல் திவாலானது. ஆக, வெளிநாட்டுக்காரன் வாங்கினான் என்பதை வைத்து ஜாதகம் சொல்ல முடியாது. அடுத்த வண்டியின் படம் எந்த ஊரில் வரையப்படுகிறது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்று பார்க்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி வைத்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பலும் எந்த நாட்டுச் சரக்கு? வெளிநாட்டுச் சரக்குதான். அதனால் அது சுதேசி இல்லை என்று எவனாவது சொன்னானா? கப்பல் எப்போது கிளம்ப வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதுதான் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1908-இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1912 கடைசியில் வெளியே வருவதற்குள் கம்பெனியைக் கலைத்து, கப்பலை விற்றாயிற்று. அதில் ஒன்று போட்டிக் கம்பெனிக்கே போனது என்பார்கள்.

அதே தூத்துக்குடியில்தான் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்திருக்கிறது. வியட்நாமின் தேசியக் கார். அவர்களுடைய முதல் பெரிய வண்டிகளும் பிஎம்டபிள்யூவிடம் வாங்கிய படத்தை வைத்துத்தான் வந்தன. அதன் முதலாளி முதலில் உக்ரைனில் நூடுல்ஸ் செய்து, அந்தக் கம்பெனியை நெஸ்லேவுக்கு விற்றுப் பணம் பார்த்தவர். பார்த்தீர்களா, விற்கிறதும் வாங்கிறதும் எப்படிச் சுற்றி வருகிறது என்று. இப்போது நம் பிள்ளைகள் காலை ஷிப்டுக்கு இங்கிருந்தே போகிறார்கள். சந்தோஷம்தான். என்னிடம் படித்த பையன்கள் “சார், சேரலாமா?” என்று கேட்டால் உடனே சேருலே என்கிறேன். கூடவே ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: சம்பளம், கேன்டீன் எல்லாம் விசாரித்த பிறகு, அங்கே வரைகிறவர்கள் உட்கார ஒரு அறை இருக்கிறதா, அதில் நம்ம ஆள் யாராவது இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

போன ரம்ஜானுக்குக் கடையநல்லூர் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டார், கண் அவ்வளவாகத் தெரியாது. அவர் மகன் பினாங்கில் வாங்கிய புது வண்டியைப் போனில் காட்டினான். பாய் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, முன்னால் இருக்கிற புலியை ரொம்ப நேரம் பார்த்தார். “புலி நம்மதுதான்” என்றார். பிறகு மகனிடம், “பானட்டைத் தூக்கிக் காட்டுலே” என்றார். “அந்தப் போட்டோ எடுக்கலையே வாப்பா” என்றான் அவன்.