மக்காச்சோளத்தில் பிறந்த மனிதர்கள்

(உடுமலையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

உலகப் புராணக் கதைகளைக் குழந்தைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் சியூஸ், ஹெர்குலிஸ், அப்புறம் தோர் என்றுதான் போகிறோம். நல்ல கதைகள்தான். ஆனால் உடுமலை, குடிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் மக்காச்சோளக் காடு இருக்கிறதே! அந்தப் பயிர் பிறந்தது மெக்சிகோ மண்ணில். பக்கத்து நாடான குவாத்தமாலாவின் மலைகளில் கிச்சே மாயா மக்கள் வாழ்கிறார்கள். மக்காச்சோளத்தால் ஆனவன் மனிதன் என்பது அவர்களுடைய 'போபோல் வூ' என்ற புராண நூல் சொல்லும் கதை. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

தெய்வங்கள் முதலில் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார்கள். தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டான். அடுத்து மரத்தில் செய்தார்கள். மர மனிதர்கள் நடந்தார்கள், பேசினார்கள், பிள்ளை குட்டி பெற்றார்கள். நெஞ்சில் ஈரம் மட்டும் இல்லை. படைத்தவர்களை நினைக்கவே இல்லை. வெள்ளம் வந்தது. கூடவே வீட்டுச் சாமான்களும் எதிர்த்து நின்றன. தினமும் எங்கள் முகத்தில் அரைத்தாய், இப்போது உன்னை அரைக்கிறோம் என்றது அரைகல். அடுப்பில் வைத்துச் சுட்டாயே என்றது சட்டி. சோறு போடாமல் அடித்தாயே என்று நாய் பாய்ந்தது. காட்டுக்குத் தப்பியோடியவர்களின் வழிவந்தவைதான் குரங்குகள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பிள்ளை அரைகல்லாகட்டும், ஒருவன் நாயாகட்டும், என்ன குறை இருக்கிறதோ அவர்களே சொல்லட்டும். அதற்கப்புறம், நரியும் கிளியும் காகமும் மக்காச்சோளம் விளையும் மலையைக் காட்டியதையும், ஷ்முகானே என்ற பாட்டி அதை ஒன்பது முறை அரைத்ததையும் சொல்லுங்கள். அந்த மாவில்தான் முதல் 4 மனிதர்கள் உருவானார்கள்.

1562-இல் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் டியேகோ தெ லாண்டா என்ற பாதிரியார் மாயா ஏடுகளைத் தீயிட்டார். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிமேனெஸ் என்ற இன்னொரு பாதிரியார் போபோல் வூவைக் கிச்சே மொழியிலேயே படியெடுத்து, பக்கத்தில் ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் எழுதி வைத்தார். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கிச்சே மக்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வீரப்பூர் மாசித் திருவிழாவுக்குப் போகிற ஒருவரிடம், பொன்னர் சங்கர் என்ற அண்ணன்மார் கதையை வெறும் கட்டுக்கதை என்றால் மனசு நோகாதா? அந்தக் கதையை 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். வெளியாள் ஒருவர் நம் கதைக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நாமும் பிறர் கதைக்குக் காட்டலாமுங்க.

இன்னொன்று. துக்கமான கதைகளை வெட்டிச் சொல்கிறோம், அது எனக்கு ஒப்பவில்லை. பனிப் பிரதேசத்து இனூயிட் மக்களின் செட்னா கதையில், படகைப் பிடித்துத் தொங்கும் மகளின் விரல்களை அப்பனே வெட்டுகிறான். அந்த விரல்கள்தான் சீல்களாகவும் திமிங்கிலங்களாகவும் ஆகின்றன. சின்னவர்களுக்கு வேண்டாம், சரி. ஆனால் அண்ணன்மார் கதையில் தங்கை தங்காள் அண்ணன்களைத் தேடி அழுகிற பாட்டைக் கேட்டு வளர்ந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தாங்கும். முழுசாகவே சொல்லுங்கள்.