கார்பெட் ஏன் ராபினைக் கூட்டிப் போனார்? நேயர் கேள்விக்கு விளக்கம்

போன முறை, வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட் இமயமலைப் பக்கம் சுட்ட ருத்ரப்பிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நேயர் கேட்கிறார்: “ஐயா, ஜிம் கார்பெட் விலங்குகள் மேல் பாசம் உள்ளவர் என்று சொல்கிறீர்கள். அப்படிப்பட்டவர் தன் வீட்டு நாய் ராபினைச் சிறுத்தை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் கூட்டிப் போனாரே, அது கொடுமை இல்லையா? புலிக்கு முன்னால் ஒரு சின்ன நாய் என்ன செய்துவிடும்?” கடைசியில், “எங்கள் நாயைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப் போகலாமா?” என்றும் ஒரு வரி.

சின்ன நாய் என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. ராபின் ஸ்பானியல் இனம். தொங்கு காது, முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். பதினைந்து ரூபாய் கொடுத்துக் குட்டியாக வாங்கினார் கார்பெட். அதற்குப் பதின்மூன்றாவது வயது நடக்கும்போது, இந்தியாவில் உள்ள தங்கம் முழுவதையும் கொடுத்தாலும் இதை வாங்க முடியாது என்று எழுதுகிறார். பெயரும் சும்மா வைத்ததில்லை. கார்பெட்டுக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கு வயது இருக்கும்போது, வெறிகொண்ட கரடியிடமிருந்து இருவரையும் காப்பாற்றிய பழைய நாயின் பெயர் ராபின். அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்தார். இவ்வளவு பாசம் வைத்த நாயை அவர் எதற்குக் கூட்டிப் போனார் என்று கேட்டால், நான் எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்வேன்: பல்லுக்காக இல்லை, மூக்குக்காக.

பல்லுக்காக நாய் கொண்டுபோனவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் இலங்கையில் நுவரெலியாவில் தங்கி, ஒரு நாய்க் கூட்டத்தையே வளர்த்தார். நாய்கள் கடமானைத் துரத்தி ஓடையில் மடக்கி நிற்கும். இவர் கத்தியோடு இறங்குவார். அந்த வேட்டையில் நாய்க்குச் சேதம் இல்லாமல் இருக்குமா? கடமான் கொம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்குப் பேர்போன ரிட்ஜ்பேக் நாயைப் பற்றிப் பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சிங்கத்தோடு கட்டிப் புரளாது. எட்டி நின்று குரைத்து, சிங்கத்தின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்து வைக்கும், அவ்வளவுதான். மேலே விழுந்து கடிக்கப் போகிற நாய் அங்கே ஒரு வேட்டைக்கு மேல் உயிரோடு இருக்காது.

ராபின் கதை வேறு. அது புரிய வேண்டுமானால், பெரிய விலங்கு வேட்டையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதல் தோட்டாவில் இல்லை. வேட்டைக்காரர் மறைந்திருக்கிறார், நிதானமாகக் குறி பார்க்கிறார், சுடுகிறார். தோட்டா சரியான இடத்தில் படவில்லை, சிறுத்தை காயத்தோடு புதருக்குள் போய்விடுகிறது. அப்புறம்தான் வினை. காயப்படுத்திய விலங்கை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது என்பது வேட்டைக்காரர்களின் எழுதாத சட்டம். தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போகிறார். புல் நுனியில் ஒன்று, இலைமேல் ஒன்று. கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது, காயத்தைக் கொழுப்பு அடைத்துவிட்டது. இனி மனிதக் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. சிறுத்தையோ, தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டால் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் பலர் செத்ததும் கிழிபட்டதும் இந்த நேரத்தில்தான்.

இங்கேதான் நாய் வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு முடிந்துபோன தடம் அதற்கு முடியவில்லை. மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சில பத்து லட்சம் என்றால், நாய்க்குக் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இன்னொரு விசேஷம், நாய் மூச்சை வெளியே விடுவது மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக. அதனால் தான் விடும் மூச்சே முன்னால் இருக்கிற வாசனையைக் கலைத்துவிடாது. என் வீட்டு நாயைத் தினமும் பார்க்கிறேன். ஒரு செடி முன்னால் நிற்கும். முதலில் அடித்தண்டு, அப்புறம் தலையைத் தூக்கி, இன்னொரு நாயின் விலா உரசியிருக்கக்கூடிய உயரத்தில் ஒரே ஒரு இலையை மட்டும் மெதுவாக முகரும். வால் அசைவது நின்றுவிடும். நான் வாரைப் பிடித்து இழுத்தால் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கியதுபோல! அடிக்கடி பிடுங்கத்தான் செய்கிறேன், அது வேறு விஷயம்.

காட்டிலும் இதே வேலைதான். தடம் புதிதா பழசா என்பதை அது முகர்கிற வேகத்தில் சொல்லிவிடும். திடீரென்று நிற்கிறது, முதுகு முடி சிலிர்க்கிறது, பார்வை ஒரே புதரில் குத்திட்டு நிற்கிறது என்றால், துப்பாக்கியும் அந்தப் புதருக்குத் திரும்ப வேண்டும். இருபது அடி முன்னால் தெரிவதற்கும் பாய்ந்த பிறகு தெரிவதற்கும் நடுவில்தான் ஆளின் உயிர் இருக்கிறது. 1930 குளிர்காலத்தில் பவல்கர் என்ற ஊரின் பக்கம் திரிந்த புலியின் பின்னால் போனபோதும் ராபின் கூட இருந்தது. உடல் வளைவை ஒட்டி அளந்ததில் 10 அடி 7 அங்குலம் வந்த புலி அது. அதனிடம் ராபினின் பல் எந்த மூலைக்கு? மூக்குக்காகத்தான் கூட்டிப் போனார்.

ஒரு தடவை காயம்பட்ட சிறுத்தை உறுமிக்கொண்டு பாய்ந்தபோது ராபின் ஓடியே போய்விட்டது. அதைக் கார்பெட் மறைக்கவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. ஓடின நாய் திரும்பி வந்தது என்பதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான். கொடுமையா என்று கேட்டீர்கள். ஆபத்தான வேலை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கொடுமை என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். மூக்கு இவ்வளவு உதவும் என்றால், ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன கதைகளில் ராபின் ஏன் துணையாக நிற்கவில்லை? அதுதானே இருப்பதிலேயே பெரிய ஆபத்து!

இதற்குக் காற்றுதான் பதில். மனிதனுக்கு மோப்ப சக்தி கிடையாது என்பது புலிக்குத் தெரியாது என்று கார்பெட் சொல்வார். மானை எப்படி நெருங்குமோ அப்படியே மனிதனையும் நெருங்கும், தன் வாடை அவன் பக்கம் போகாதபடி காற்றுக்கு எதிராக வரும். அதனால் காட்டில் நடக்கும்போது, காற்று தன்னைக் கடந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அவர் அதிகம் கண் வைப்பார். இப்போது நாயை நினைத்துப் பாருங்கள். நாய்க்கு வாசனை எதிர்க்காற்றில் வர வேண்டும். ஆட்கொல்லி வருவதோ நாய்க்கு வாசனை வராத பக்கத்திலிருந்து. காயம்பட்ட சிறுத்தையைத் தேடும்போது நாம் காற்றைப் பார்த்து வழியைத் தீர்மானிக்கலாம். ஆட்கொல்லி நம்மைத் தேடும்போது அந்த வசதி அதன் கையில் இருக்கிறது.

இன்னொன்று சத்தம். 1930 ஏப்ரலில் சௌகட் என்ற இடத்து ஆட்கொல்லிப் பெண்புலியைக் கார்பெட் சுட்ட கதையை முன்பே சொல்லியிருக்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் வழியில் எடுத்த பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு, வலது கையில் துப்பாக்கி. ஒரு பாறையைச் சுற்றி வந்து தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், எட்டடியில் புலி படுத்துக்கொண்டு இவரையே பார்க்கிறது. துப்பாக்கியை ஒரே கையால், அசைவதே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுடுகிறார். அந்த நேரத்தில் காலடியில் ஒரு நாய் நின்று லேசாக உறுமியிருந்தால்? அவ்வளவுதான், கதையை எழுத ஆள் இருந்திருக்காது.

சிறுத்தைக்கு நாய்க்கறி என்றால் உயிர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், துணைக்குப் போன நாயே இரையாகிவிடும். 1926 மே மாதம் ருத்ரப்பிரயாகையில் மாமரத்தில் காத்திருந்தபோது அவர் கீழே கட்டியது ஆடு. அதன் கழுத்து மணிதான் இருட்டில் சேதி சொன்னது.

கடைசி வரிக்கு வருகிறேன். உங்கள் நாயைக் காட்டுப் பக்கம் கூட்டிப் போக வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வெறும் நடைக்கு என்றாலும் வேண்டாம். சிறுத்தையால் நாய்க்கு வரும் ஆபத்து உங்களுக்கே தெரியும். நாயால் காட்டுக்கு வரும் ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. 2018இல் நம் குஜராத்தின் கிர் காட்டிலும் அதே வைரஸால் சிங்கங்கள் செத்தன. காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் முதலில் நாய்க்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள், இரவில் வாசலில் கட்டிப்போடாமல் உள்ளே விடுங்கள். சரி, அடுத்த கேள்வி யானை தும்பிக்கையால் தண்ணீர் குடிப்பதைப் பற்றி. அதற்கு முன்னால் கொஞ்சம் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.